ஆரிஃபா வீட்டுக்கு வந்த அதிகாரி

ஜூ டவுன் மசாலாக் கிடங்கில் சுக்கு புடைக்கும் ஆரிஃபாவின் வீட்டில் சாயா குடிக்காமல் யாரும் திரும்பியதில்லை. அன்று விடிந்ததும் பெங்களூரிலிருந்து வந்து நின்ற ஊக்கமருந்துச் சோதனை அதிகாரியோ, "முதல்ல வேலை முடியட்டும்" என்றுவிட்டார். பேஸ்பால் ஆடும் மகள் லுப்னாவின் சிறுநீர் வேண்டுமாம்.

ஆரிஃபாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "தோள் வலியில துடிச்சப்பகூட ஸ்டீராய்டு ஊசி வேண்டாம்னு சொன்னவ என் மோள். அவளையா சந்தேகப்படுறீங்க?"

"சந்தேகமில்ல உம்மா. நாட்டுக்காக ஆடப்போறவங்க வீட்டுக்குத்தான் இப்படி வருவோம்."

ஆரிஃபா போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். குப்பிக்கு முத்திரை வைத்ததும் அதிகாரி தாமே சாயா கேட்டு வாங்கிக் குடித்தார்.

கிடங்கில் அன்று ஆரிஃபாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "என் மோளோட மூத்திரத்துக்கு பெங்களூர்லேருந்து ஆள் அனுப்பியிருக்காங்கடீ!"