மாதா கோயில் மொட்டை

மொட்டை போட மாட்டேன் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அடுத்த மாதம் பள்ளி ஆண்டுவிழாவில் முன்வரிசையில் நின்று ஆட வேண்டியவள். ஆனால் மூன்று வயதில் நான் காய்ச்சல் கண்டு சேலம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் பத்து வயதில் முடி எறக்குவதாக அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். தலை என்னுடையது. என்னை யார் கேட்டார்கள்?

திருவிழாவன்று மொரப்பூரில் பஸ் ஏறியதுமே அப்பா ஆரம்பித்துவிட்டார். அந்தக் கோயிலின் வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மைசூர்ப் பக்கமிருந்து காட்டுவழியே நடந்து வந்த வெள்ளைக்காரச் சாமியார், அவர் கன்னடத்திலும் தெலுங்கிலும் செய்த பிரசங்கம், முதலில் போட்ட கூரைக்கோயில், சண்டைக்காலத்தில் ஊரே காட்டுக்குள் ஓடியபோது மாதா சுரூபத்தை வைக்கோல் வண்டியில் மறைத்துக் கொண்டுபோனது, திரும்பி வந்து சுண்ணாம்பு அரைத்துச் சுவர் எழுப்பியது. வருசம் தவறாமல் இதே கதை, இதே வரிசை.

"எத்தன தலமொற வந்து முட்டி போட்ட எடம் தெரியுமா பாப்பா?"

"அவங்க முடியெல்லாம் போதாதாப்பா?" என்றேன். முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மறுபடி வெள்ளைக்காரச் சாமியாரிலிருந்து தொடங்கினார்.

கோயிலில் காலை வைக்க இடமில்லை. கம்பைநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் திருநீறு பூசிய நெற்றியோடு வந்து, பிள்ளைகளுக்கு மொட்டை போட வரிசையில் நின்றன. எங்கள் முறை வந்ததும் நான் ஓடிப்போய்க் கொடிமரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அஞ்சே நிமிசம் கண்ணு. மறுபடி வளந்துரும்."

"வளந்துரும்னா நீ போட்டுக்க. வேண்டிக்கிட்டது நீதான?"

 அம்மா தன் தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து என் சடையில் வைத்துவிட்டு, கைப்பையை அப்பாவிடம் கொடுத்தாள். நேராகப் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா பதறிப்போனார். "ஏம்மா, வேண்டுனது பாப்பாவோட முடியத்தான?"

"மாதாவும் ஒரு புள்ளயப் பெத்தவங்கதாங்க. புரிஞ்சுக்குவாங்க."

இடுப்பு வரை இருந்த முடி. நாவிதரே ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தார். நான் கொடிமரத்தை விட்டுவிட்டு வந்து, தப்பித்தேன் என்ற நிம்மதியோடு மிட்டாய் கேட்டேன். அப்பா வாங்கித் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை. வகுப்புப் பிள்ளைகள் யாராவது ஏறினால் என்ன ஆவது? நான் பார்க்காத மாதிரி போய் அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையை இழுத்து முக்காடு போட்டிருந்தாள். ஜன்னலில் வெயில் அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.