யாரும் குறித்துவைக்காத இரண்டு வரிகள்

அவளுக்குச் சம்பளம் தருவது ஒரு காப்பீட்டு அலுவலகம். மீதி நேரமெல்லாம், பல் எக்ஸ்ரே படங்களைக் கணினியில் காட்டும் ஒரு மென்பொருளுக்குப் போகும். அது இலவசம், யாரும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம். பதினாறு பேர் தொடங்கியது. ஆளாளுக்குக் கழன்றுகொள்ள, மிஞ்சியது அவளும், வேறொரு கண்டத்திலிருந்த ‘ஆமை’யும்தான். எந்தக் கேள்விக்கும் ஒரு வாரம் கழித்தே பதில் போடும் மனிதர். அதனால் அந்தப் பெயர்.

படத்தைப் பிரித்துக் காட்டும் வேலைக்கு, வேறொரு குழு எழுதிய லைப்ரரியின், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பின், பிரதியை மென்பொருளுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பிரதிக்கு ஒன்பது வயது. அதில் ஓட்டை இருக்கிறது, கெட்ட கோப்பு ஒன்றைத் திறந்தாலே கணினி அந்நியர் கைக்குப் போய்விடும் என்று அந்த வாரம் அறிவிப்பு வந்தது. அவள் விடுப்பு எடுத்து, பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தாள். முந்நூறு சோதனைகளிலும் அது தேறியது. காலை பத்து மணிக்குப் புதிய பதிப்பை வெளியிட்டு, அதைப் பயன்படுத்தும் தன் பல் டாக்டருக்கு அவளே போன் செய்தாள்.

“இன்னைக்கே மாத்திடுங்க டாக்டர். தள்ளிப் போடாதீங்க.”

மதியம், தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதே டாக்டரின் பழைய மெஷினில் எடுத்த தன் எக்ஸ்ரேயைத் திறந்தாள். வேர் சிகிச்சை செய்த பல் திரையில் ‘வலது’ என்ற எழுத்தின் கீழ் இருந்தது. நாக்கால் தடவிப் பார்த்தாள். இடது பக்கம்.

தட்டைக் கீழே வைத்தாள். ‘இடது’, ‘வலது’ என்ற எழுத்துகளை மென்பொருளே மேலே ஒட்டும்; அவை அதனதன் இடத்தில் நின்றன. படம் மட்டும் திரும்பியிருந்தது.

டாக்டரின் கைபேசியை யாரும் எடுக்கவில்லை. வரவேற்பு மேசைக்கு அடித்தாள்.

“டாக்டர் உள்ள பல்லு எடுத்துக்கிட்டு இருக்காரும்மா. அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க.”

“எந்தப் பக்கத்துப் பல்லு?”

“அது எனக்கெப்படித் தெரியும்?”

“படம் இடம் வலமா மாறியிருக்கு. கத்தி வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. ஓடுங்க!”

ரிசீவர் மேசையில் விழுந்த சத்தம். அப்புறம் ஏதோ ஒரு இயந்திரத்தின் இரைச்சல் மட்டும். கணவன் வந்து, “என்னாச்சு?” என்றான். அவள் கையைக் காட்டி அவனை அடக்கினாள். இரைச்சல் நின்றது.

“வலது பக்கம் ஊசி போட்டாச்சு,” என்றார் டாக்டர். “கத்தியைக் கையில எடுத்துட்டேன். ரெண்டு பக்கமும் ஈறுக்குள்ள புதைஞ்ச பல்லு, அந்தம்மாவுக்குத் தாடை முழுக்க வலி. நான் படத்தைத்தானே நம்பணும்?”

“தப்பு என்னோடது டாக்டர்.”

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இப்ப வைங்க. இதுக்கு மேல பேசினா ஏதாவது சொல்லிடுவேன்.”

வெளியீட்டை உடனே திரும்பப் பெற்றாள். அதற்குள் நாற்பத்தொரு பேர் அதைப் பதிவிறக்கியிருந்தார்கள். முகப்பில் எச்சரிக்கை போட்டுவிட்டு ஆமையை அழைத்தாள். அன்று மட்டும் அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஒரு பழைய எக்ஸ்ரே மெஷின் படத்தை இடம் வலமாத் திருப்பி எழுதும்,” என்றார். “அதை நேராக்க லைப்ரரிக்குள்ளேயே ரெண்டு வரி மாத்தினேன். குறிச்சு வைக்கணும்னு நெனச்சேன்.”

“நெனச்சீங்க.”

அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. தூக்குமுன் பழைய பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டிருந்தால் அந்த இரண்டு வரிகளும் கண்ணில் பட்டிருக்கும். அவளும் பார்க்கவில்லை.

மூன்று நாட்கள், உள்ளே வைத்திருந்த பதினொரு லைப்ரரிகளையும் வரிவரியாக மூலத்தோடு ஒப்பிட்டார்கள். குறிப்பே இல்லாத திருத்தங்கள் இன்னும் நான்கு அகப்பட்டன. ஒவ்வொன்றையும் காரணத்தோடு தனிக் கோப்பாகப் பிரித்தார்கள். புதிய வெளியீட்டின் அறிவிப்பில், நடந்ததை ஒளிக்காமல் தன் பெயரிலேயே எழுதினாள்.

அந்த அம்மாவுக்கு மறுவாரம் சரியான பல்லை எடுத்தார்கள். டாக்டர் இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு, “புதுசை நீங்களே வந்து போட்டுக் குடுங்க,” என்று கூப்பிட்டார். நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் மாற்றிவிட்டதாக எழுதினார்கள். மற்ற மூன்று பேர் யாரென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.