தெருவுக்குப் பொதுவான டம்ளர்கள்

மகள் இளவேனிலின் வளைகாப்பு முடிந்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய அனுசுயா தெருமுனையில் நின்றுவிட்டாள். தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவள் அவள். வெறும் வயிற்றோடு ஆட்கள் காத்திருப்பார்கள். ஆனாலும் கால் நகரவில்லை. முதல் நாள் விருந்தின் பிளாஸ்டிக் தட்டுகளும் கப்புகளும் அங்கே குவிந்து கிடந்தன. ரசம் சாதத்தைக் கவரோடு விழுங்கிய பசுவின் வாய்க்குள் கையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார் தூய்மைப் பணியாளர் ராக்கம்மாள். பாதிக் கவர்தான் வெளியே வந்தது.

"உங்க வீட்டு விசேஷம்தானேம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அனுசுயாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பார்த்தாள். கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வந்த எவர்சில்வர் டம்ளர்கள், சுற்றிய பேப்பர்கூடப் பிரிக்காமல் கிடந்தன. ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டுப் பரணில்தான் இல்லை? வீடு வீடாகப் போய்க் கேட்டாள். சேர்ந்ததை மூட்டையில் கட்டிவைத்து, விசேஷத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், கழுவித் தந்தால் போதும் என்றாள்.

முதலில் போனவை பாயசம் காய்ந்தபடியே திரும்பின. குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தவளை மகள் திட்டினாள். எதிர்வீட்டு தர்மராஜ், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எதுவும் தர மறுத்தார்.

"யார் யார் வாய் வச்சதோ. அதுல எப்படிங்க குடிக்கிறது?"

வெந்நீரில் கொதிக்கவைத்துத்தான் எடுத்துவைக்கிறேன் என்று அனுசுயா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

சித்திரை வெயிலில் அவர் மனைவி செல்லக்கிளி மாரடைப்பில் காலமானார். மண்ணச்சநல்லூரிலிருந்து வேன் வேனாகச் சொந்தபந்தம் வந்தது. யாருக்கும் தண்ணீர் தரும் நினைப்பு அந்த வீட்டில் இல்லை. அனுசுயா லீவு போட்டாள். பந்தல் நிழலில் தண்ணீர் டிரம்மையும் டம்ளர்களையும் வைத்தாள். தெருப் பெண்கள் முறை வைத்துக் கழுவினார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்த தர்மராஜிடம் மோர் கொண்டுபோனாள். அவர் டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குடித்தார்.

காரியமெல்லாம் முடிந்த பின் ஒருநாள், கனத்த பையோடு தர்மராஜ் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே செல்லக்கிளி பெயர் பொறித்த டம்ளர்கள்.

"அவ சீர் சாமானுங்க. நீங்க கேட்டப்பவே குடுத்துடலாம்னு சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன்."

அனுசுயா நாற்காலியை எடுத்துப் போட்டாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த விசேஷம் யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டு போனார்.

இப்போது மூட்டைகள் அவருடைய கார் ஷெட்டில் இருக்கின்றன. கொடுப்பதும் வாங்குவதும் அவர்தான். சரியாகக் கழுவாமல் கொண்டுவந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறார் என்று புகார் வர, கொஞ்சம் விட்டுப் பிடிக்கச் சொல்லி அனுசுயா இருமுறை போய்ப் பேசவேண்டியதாயிற்று.