சாப்பிடத்தானே பூசினான் தங்கராசு

பம்பாய் செம்பூரில் ஒரு வீட்டுக் கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மரப் பட்டறை முதலாளி முருகேச அண்ணாச்சி தாமே வந்து நின்றார். வேலை நடக்கிற வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் அவரே வந்து நான் பார்த்ததில்லை.

"துணியக் கீழ வையி, வேலு. தங்கராசு காலையில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். பெறவு எந்திரிக்கல."

நான் துணியைக் கீழே வைக்கவில்லை. தொடங்கியிருந்த பலகையை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதிப் பலகையில் பாலிஷை நிறுத்தினால் கோடு விழும். கோடு விழுந்தால் தங்கராசு ஏசுவான். அன்றைக்கும் அவனிடம் ஏச்சு வாங்க எனக்கு மனசில்லை.

எங்கள் பட்டறையில் என்னோடு பாலிஷ் போட்டவன். தாராவி லேபர் கேம்ப்பில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவனோடு சண்டை போடாதவர்கள் அதைவிடக் குறைவு. இரங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, பொறுமையான மனிதர், அதிர்ந்து பேசாதவர் என்று சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைச் சொல்கிறீர்கள் ஐயா? அவன் கத்தினால் வடாலா ஸ்டேஷன் வரைக்கும் கேட்குமே! அதனால்தான், எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுத உட்கார்ந்தேன். அவன் எதற்காகக் கத்தினான் என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெட்டியில் இருந்து ஆரம்பிக்கிறேன். செம்பூரில் இருந்த ஒரு ஆபீசர் வேலை விஷயமாக ஜப்பானுக்குப் போய்த் திரும்பும்போது, கூட வேலை பார்த்தவர் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். மூன்று அடுக்கு, மரம், மேலே கறுப்பு அரக்கு. நம் ஊர் அரக்கு பூச்சியில் இருந்து வருவது. அது ஏதோ மரத்தின் பாலாம். அங்கே பணக்காரர்கள் அதில்தான் மதியச் சாப்பாடு கொண்டுபோவார்களாம். ஆபீசரின் மனைவி விசாலம் மாமியும் அதில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார். சாயங்காலம் பெட்டி திரும்பி வந்ததும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டார். பித்தளைக்குப் பழகிய கை. பளபளப்பெல்லாம் போய்ப் பெட்டி யானைத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பரிசு கொடுத்த ஜப்பான்காரர் பங்குனிக் கடைசியில் பம்பாய் வருகிறார், வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்று தெரிந்ததும் மாமிக்குத் தூக்கம் போனது. ஆபீசர் அங்கே போய்வந்த இன்னொருவர் மூலம் அந்த அரக்கிலேயே ஒரு சின்ன டின் வரவழைத்து, பெட்டியோடு எங்கள் பட்டறையில் கொண்டுவந்து வைத்தார்.

அண்ணாச்சி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "கறுப்பு ஸ்பிரே அடிச்சுக் குடு. ஒரே நாளு வேலை. வாரவன் மோந்தா பாக்கப் போறான்?"

"மோந்து பாக்க மாட்டான் அண்ணாச்சி, திம்பான்," என்றான் தங்கராசு. "இதுல சுடுசோறு வைப்பாக. பெயிண்டு சோத்தோட வயித்துக்குல்லா போவும்?"

"அப்ப அவன் வாரதுக்குள்ள உன் இஷ்டப்படி முடி. முடியலன்னா வேற பட்டறை பாத்துக்கோ."

வேறு யாராவது என்றால் ஸ்பிரேயை எடுத்திருப்பான். இவன் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அரக்கைப் பூசினான், தகரக் கூரைமேல் வெயிலில் வைத்தான். காயவில்லை. மறுநாளும் காயவில்லை. தாராவிப் புழுதியெல்லாம் அதில் வந்து ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி பூசினான், மறுபடி வெயில். நான் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏல, பாகு பதம் வந்துட்டு. தட்டுல கொட்டி வில்லை போட்டுருவமா?" என்றேன். "போல அங்கிட்டு," என்றான். குரலில் வழக்கமான சூடு இல்லை. பட்டறையில் அவன் உட்காரும் இடத்துக்கு அண்ணாச்சி வேறு ஆள் தேடுகிறார் என்ற செய்தி அவன் காதுக்கும் போயிருந்தது.

அப்புறம் அவன் கையெல்லாம் பொங்கியது. முகம் வீங்கி, இமை மூடி, கழுத்து வரைக்கும் கொப்புளம். அடுத்த வீட்டுக் கோமதியக்கா எட்டிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயீ வந்துட்டா!" பங்குனி மாசம், சந்தேகப்பட யாரும் இல்லை.

"அம்மையும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்த அரக்கு பட்டதுதான். தோபி துணிக்குக் குறி போடுத சேராங்கொட்டை மேல பட்டாப் பொங்காதா, அது மாதிரி," என்று அவன் கத்தினான்.

அவன் மனைவி செல்வி மதினி காதில் வாங்கவில்லை. "அவளப் பழிக்காதீக," என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். ஜன்னலைச் சாத்தினார்கள். படுதாவை மஞ்சள் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். தரையெல்லாம் ஈரம். தாளிப்பு கிடையாது, புகை கிடையாது, வெளியாள் காலடி கிடையாது. காயாமல் கிடந்த பெட்டியை ஒரு மர டிரங்குக்குள் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார் மதினி.

ஸ்பிரே அடித்தாவது ஒப்பேற்றுவோம் என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போக அண்ணாச்சி வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, வந்த வழியே போனார். வாழ்க்கையில் அவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியது அன்றைக்குத்தான்.

சில நாள் கழித்து உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டான். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து பெட்டி மூடியை நீட்டினான். "கீறிப் பாரு வே, நகத்தால கீறிப் பாரு!"

கீறினேன். நகம் வழுக்கியது. கல் மாதிரி இருந்தது.

"வெயில்ல வச்சுக் கெடுத்திருக்கேன் வே. இதுக்கு ஈரம்தான் வேணும். ஈரமும் புழுக்கமும், தூசி இல்லாத இருட்டும். அம்மன் வந்த வீடுதான் இதுக்குத் தோதான வீடு!"

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் அக்கிரமம். கொப்புளம் எல்லாம் வற்றி ஆள் தெளிந்த பிறகும் வேப்பிலையை எடுக்கவிடவில்லை. கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பூச்சு பூசுவது, டிரங்குக்குள் வைப்பது, இறுகியதும் கரித்தூளால் நீர் விட்டுத் தேய்ப்பது, மறுபடி பூசுவது. யாராவது வாசலில் வந்து விசாரித்தால், "இன்னும் எறங்கல," என்று உள்ளேயிருந்து முனகுவான்.

"அம்மன் பேரச் சொல்லிப் பொய் சொல்லுதீகளே, அடுக்குமா?" என்று மதினி அழுவார்.

"கோவம் வந்தா எங்கிட்ட வரட்டும். நீ வேப்பிலைய மாத்து, வாடிட்டு."

விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் வேலை முடிந்தது. செம்பூர் பஸ்ஸில் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்தக் கறுப்பு வெறும் கறுப்பு இல்லை. குனிந்தால் எங்கேயோ ஆழத்தில் என் மூஞ்சி தெரிந்தது, அதுவும் கொஞ்சம் அழகாக. அதைச் சொன்னேன். "அப்ப பூச்சுல ஏதோ தப்பு இருக்கு," என்றான்.

அடுத்த வாரம், ஜப்பான்காரர் எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்கப் போனோம்.

"அத ஏன் கேக்கற தங்கராசு! இவ்ளோ அழகாப் பண்ணிக் குடுத்திருக்கே, அதுல போய் சாதத்தை வைக்க மனசு வருமோ? வெள்ளித் தட்டுல பரிமாறினோம். பெட்டி ஷோகேஸ்ல இருக்கு பாரு. அவர் அதைப் பாத்துட்டுக் கை கூப்பினார்."

கண்ணாடிக்குள், ஒரு பொம்மைக்கும் கடிகாரத்துக்கும் நடுவில், பெட்டி இருந்தது. தங்கராசு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மாடிப்படியில் இறங்கும்போதுதான் வெடித்தான். "ஷோகேஸுக்கு ஸ்பிரே போதாதா வே? எதுக்குலே நான் மூஞ்சி வீங்கிக் கெடந்தேன்?"

பட்டறையில் அவன் இடம் அவனுக்கே கிடைத்தது. அண்ணாச்சி எல்லாரிடமும் அவனைப் புகழ்ந்தார். அதற்கும் அவன் எரிந்து விழுந்தான். அன்று முதல், நல்ல பாத்திரத்தை எடுத்து வைத்திருக்கும் எந்த வீட்டைப் பார்த்தாலும் சண்டைதான். "வச்சுக் காப்பாத்துததுக்கு நாம என்ன பேங்க்கா?" என்பான். ஒவ்வொரு தீபாவளிக்கும் செம்பூர் போய், "மாமி, அதுல சோறு வச்சீகளா?" என்று கேட்பான். "ஒரு விசேஷம் வரட்டும்ப்பா," என்பார் மாமி. விசேஷம் வரவே இல்லை. இவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாமியிடம் செய்தி சொல்லப் போனேன். கேட்டதும் ஷோகேஸ் முன்னால் போய் நின்றார். பிறகு சாவியைத் தேடி எடுத்தார். பெட்டியைத் துடைத்து மூன்று அடுக்கிலும் தயிர்சாதம் வைத்து, "அவன் ஆத்துல குடுத்துடு," என்று என் கையில் கொடுத்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஒரே ஒரு தீபாவளிக்கு இதைச் செய்திருக்கக் கூடாதா மாமி என்று மட்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

செல்வி மதினி பெட்டியை வாங்கித் திறந்தார். பார்த்தார். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் சட்டியைக் கொண்டுவந்து சாதத்தையெல்லாம் அதில் கொட்டினார். பெட்டியை முந்தானையால் துடைத்து, அவன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைக்கப் போனார்.

"மதினி! என்ன பண்ணுதீக?" துக்க வீடென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"கறை பட்டிரும்லா கொழுந்தனாரே," என்றார் பாவம்.

நான் பெட்டியைப் பிடுங்கி, சட்டியில் இருந்ததை அள்ளித் திரும்ப மூன்று அடுக்கிலும் போட்டேன். அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் அடுக்கில் கையால் பிசைந்து சாப்பிட்டேன். எல்லாரும் வாய் பிளந்து நின்றார்கள். அண்ணாச்சிதான் வேட்டியை மடித்துக்கொண்டு வந்து, "நவுந்து உக்காருவே," என்று இரண்டாவது அடுக்கை எடுத்துக்கொண்டார். மூன்றாவதை மதினி பக்கம் தள்ளினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கை வைத்தார்.

அவனுடைய பிரஷ்களை மதினி எனக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவனிடமிருந்து எனக்கு உண்மையாக வந்து சேர்ந்தது அந்தக் கோபம்தான். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கப்புகளை என் வீட்டுக்காரி பேப்பர் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தாள். நேற்று ஏறி இறக்கி, ஒன்றில் டீ ஊற்றிக் குடித்தேன். கை தவறி ஒன்று உடைந்தது. இன்னமும் ஏசிக்கொண்டிருக்கிறாள். நான் இன்னொன்றை எடுத்திருக்கிறேன்.