சராசரி டீச்சரின் மாலை வகுப்பு

அந்தக் கல்லூரியில் எதைக் கீழே போட்டாலும் உருண்டு கரும்பலகைக்கு வந்து சேர்ந்துவிடும். சாக்பீஸ், பேனா மூடி, ஒருமுறை கல்லூரி முதல்வரின் மூக்குக்கண்ணாடிக் கூடு. காரணம் பெரிய ரகசியமில்லை. கல்லூரி ஆவதற்கு முன் அது சினிமாக் கொட்டகை. படம் ஓடாமல் பூட்டிக் கிடந்ததை, லாரி ஓட்டி முன்னுக்கு வந்த ஒரு பெரியவர் வாங்கிப் போட்டார். கிடங்கு ஆக்கப் போகிறார் என்றுதான் ஊர் நினைத்தது. அவரோ, "எனக்குக் கையெழுத்து போடத் தெரியும், அதோட சரி. என் ஊர்ப் பிள்ளைங்களுமா அப்படி இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு, திரை இருந்த சுவருக்குக் கறுப்பு அடித்தார். தரையின் சரிவை மட்டும் மாற்றவில்லை. கடைசி பெஞ்சுக்காரனுக்கும் பலகை தெரிய வேண்டுமாம். செலவு மிச்சம் என்பதுதான் நிஜம். சொன்ன விதம் அழகாக இருந்ததால் ஊர் விட்டுவிட்டது.

டிக்கெட் கொடுத்த பொந்து வழியாகத்தான் இன்றைக்கும் கட்டணம் வாங்குகிறார்கள். சோடா விற்ற அறை ஆசிரியர்கள் அறை. தெருவைப் பார்த்து நிற்கும் போஸ்டர் பலகையில் பரீட்சை மதிப்பெண்களை ஒட்டுவார்கள். பாடப்பிரிவுகளில் வணிகவியலும் இலக்கியமும் மூத்த பிள்ளைகள். அடுத்தது வேதியியல். கடைக்குட்டியாகப் பிறந்தது புள்ளியியல். அதற்குக் கிடைத்த இடம், படம் காட்டும் இயந்திரம் இருந்த மாடி அறை. இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். சுவரில் இருக்கும் சதுர ஓட்டை வழியாகக் கீழே பெரிய ஹாலில் யார் தூங்குகிறார்கள் என்று பார்க்கலாம். அந்தத் துறைக்கு ஒரே ஓர் ஆசிரியர். ஊரில் அவருக்குப் பெயர் சராசரி டீச்சர்.

பெயர்தான் சராசரி. ஆள் அப்படியில்லை. பேருந்துக்கு நிற்கிற நேரத்தில்கூட எது எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்து வைத்துக்கொள்வார். கணவருக்கு, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை. "எந்த மோட்டார் எப்போ எரியும்னு வீட்டுல கேட்டுட்டுத்தான் நான் கம்பியே வாங்கறேன்" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். பாதி கேலி, பாதி உண்மை.

டீச்சர் வேலைக்குச் சேர்ந்தது கல்லூரியின் முதல் வருஷத்தில். அதற்கு முன் நாலைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியிருந்தார். சேர்ந்த சூட்டிலேயே ஒரு கூத்து நடந்தது. அங்கீகாரம் கொடுப்பதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். மாணவர்களோ விரல் விட்டு எண்ணிவிடலாம். யாரோ கொடுத்த யோசனையைக் கேட்டு, பெரியவர் ஆசிரியர்களையே பெஞ்சில் உட்காரவைத்து ஹாலை நிரப்பிவிட்டார். எல்லோரும் இளவட்டம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அதிகாரி உள்ளே வந்தார். உண்மையான மாணவர்கள் நாலு பேர் விருட்டென்று எழுந்தார்கள். ஆசிரியர்களில் ஒருவர்கூட அசையவில்லை. மற்றவர்கள் தங்களுக்காக எழுந்து நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, தாங்கள் எழ வேண்டும் என்பது மறந்தே போய்விட்டது. அது போதாதென்று, முதல் பெஞ்சில் இருந்த நம் டீச்சர் பழக்க தோஷத்தில் கையை அமர்த்தி, "உக்காருங்க, உக்காருங்க" என்றார். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அதிகாரிக்கும் சேர்த்து.

குட்டு உடைந்தது. "ஐயா, இங்க இருக்கறவங்க எல்லாம் வாத்தியாருங்க. படிக்கிறவங்க எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

பெரியவர் மழுப்பவில்லை. "இன்னும் வரல சார். ஒரு வருஷம் குடுங்க, கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

அங்கீகாரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. தன்னால்தானே இத்தனையும் என்று டீச்சர் அழுதார். வேலை போய்விடும் என்று மறுநாள் மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்தார். பெரியவர் அவரைக் கூப்பிட்டு, "பொய்யா நடிக்கத் தெரியாத வாத்தியார் கிடைக்கறது கஷ்டம்மா. நீ இரு" என்றார். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டார். இனி இந்தக் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவரும் வருஷம் ஒரு வகுப்பில், தன் பாடம் அல்லாத வேறொரு பாடத்தில், மாணவராக உட்கார வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். வாங்கிய மதிப்பெண் மற்றவர்களோடு சேர்ந்து தெருப் பலகையில் ஏற வேண்டும். பல்கலைக்கழகக் கணக்கில் இவர்கள் சேர்த்தி இல்லை. இது வீட்டுச் சட்டம். வேறெந்தக் கல்லூரியிலும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரியவர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பிள்ளைகள் வந்தார்கள், அங்கீகாரம் வந்தது, கல்லூரி வளர்ந்தது. டீச்சர் கெஞ்சிக் கூத்தாடிப் புள்ளியியல் பட்டப்படிப்பைத் தொடங்கவைத்தார். அந்த மாடி அறையைத் தானே கூட்டி, தானே வெள்ளையடித்தார். சொந்தப் பிள்ளையைக்கூட அவர் அப்படி வளர்க்கவில்லை என்று கணவர் சொல்லுவார், அதில் கேலி கிடையாது.

பெரியவர் போய்ச் சேர்ந்தபின் அவர் மகன் செயலர் ஆனார். சின்ன முதலாளி என்று ஊர் சொல்லும். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். ஒரு கோடைக்காலத்தில் ஆசிரியர்கள் அறையில் கூட்டம் போட்டு, போட்டு உடைத்தார்.

"புள்ளியியலுக்கு ஆளே இல்ல. மொத்தமே மூணு பேர் படிக்கிறாங்க. அடுத்த வருஷம் ஆய்வு வருது. அவங்க மூடறதுக்கு முன்னாடி நாமளே மூடிட்டா மரியாதை. டீச்சர், உங்களுக்குச் சம்பளம் குறையாது. பரீட்சை ஆபீஸைப் பாத்துக்குங்க."

சம்பளத்தைப் பற்றி யார் பேசினார்கள்? டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்கப்பா கேட்டதையே நானும் கேக்கறேன். ஒரு வருஷம் குடுங்க. பகல்ல வேலைக்குப் போறவங்க படிக்க ஆசைப்பட்டா எங்க போவாங்க? வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாத்தறேன்" என்றார்.

"வேலை முடிஞ்சு களைச்சுப் போய் வர்றவன் கணக்குப் படிக்க வருவானா டீச்சர்? படுக்கத்தான் போவான்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான், இலக்கியம் நடத்தும் புலவர். அவருக்கு ஒரு பழைய ஆற்றாமை உண்டு. வருஷா வருஷம் ஆசிரியர்கள் வீட்டுச் சட்டத்துக்காகத் தேர்ந்தெடுப்பது அவருடைய வகுப்பைத்தான். வந்து, சாய்ந்து, தூங்கிவிட்டுப் போவார்கள். யாரும் மதிக்காத வகுப்பை நடத்துகிற வலி அவருக்குத் தெரியும். அவர் எழுந்து நின்று சொன்னார்.

"எனக்கும் கணக்குக்கும் ஜென்மப் பகை. ஆனா இந்த வருஷம் நான் உட்காரப்போறது டீச்சர் வகுப்புலதான்."

சின்ன முதலாளியும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கச் சம்மதித்தார். புலவருக்கு அது விஷப்பரீட்சைதான். முதல் தேர்வில் புலவர் வாங்கியது நூற்றுக்கு ஆறு. பலகையில் ஒட்டியதும் ஊரே கூடிவிட்டது. எதிர்த்த டீக்கடையில் ஒரு வாரம் வேறு பேச்சில்லை. "ஐயா, அந்த ஆறும் பேர் எழுதினதுக்கா?" என்று பேருந்து நிலைய நேரக்காப்பாளர் கேட்டார். புலவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த தேர்வைப் பாருய்யா" என்று நடந்தார்.

டீச்சரும் விடவில்லை. தயவு தாட்சண்யம் காட்டாமல் திருத்தினார். ஆனால் பாடத்தைப் புலவரின் வழிக்கே கொண்டுபோனார். நூறு கவிதையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னார். மனிதர் சொக்கிப்போனார். அடுத்த தேர்வில் மதிப்பெண் பத்தொன்பது. அதற்கடுத்து முப்பதைத் தொட்டது. ஊர் இப்போது சிரிப்பதை விட்டுவிட்டு, பலகை ஒட்டும் நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. கடைசித் தேர்வில் புலவர் ஐம்பத்திரண்டு வாங்கித் தேறிவிட்டார். டீக்கடைக்காரர் அன்று அவரிடம் காசு வாங்க மறுத்தார்.

பலகை முன்னால் நேரக்காப்பாளர் வெகுநேரம் நின்றார். பிறகு இரும்புப் படி ஏறி மாடிக்கு வந்தார்.

"டீச்சர், புலவருக்கே ஏறுதுன்னா எனக்கு ஏறாதா? பஸ் லேட்டானா தினமும் திட்டு வாங்கறவன் நான். ஏன் லேட்டாகுதுன்னாவது தெரிஞ்சுக்கறேன்."

அவரைத் தொடர்ந்து டீச்சரின் நாத்தனார் வந்தார், மருத்துவமனையில் செவிலியர். "அண்ணி, வார்டுல காய்ச்சல், ரத்த அழுத்தம்னு எல்லாரும் நம்பர் நம்பரா எழுதறோம், எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் ஒரு இடம் போடுங்க" என்றார். பின்னாலேயே ஆலையிலிருந்து ஆட்கள், விதைக்கடைப் பெண், காப்பீட்டு முகவர். சேர்க்கை முடிந்தபோது மாடி அறை போதவில்லை. புள்ளியியல் முதன்முறையாகப் பெரிய ஹாலுக்கு இறங்கி வந்தது. டீச்சர் அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார்.

ஆனாலும் ஆய்வு பாக்கி இருந்தது. வேலைக்குப் போகிற ஆட்களைப் பெயருக்குச் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்கள் என்று அதிகாரிகள் நினைத்துவிட்டால் எல்லாம் பாழ். பழைய கதை சின்ன முதலாளிக்கும் தெரியும். அவர் ஒரு வாரமாக வகுப்புக்கு வந்து வந்து பாடம் எடுத்தார். "அதிகாரி உள்ளே வந்தா எல்லாரும் டக்குனு எழுந்து நிக்கணும். மறந்துடாதீங்க. டீச்சர், முக்கியமா நீங்க யாரையும் உக்காரச் சொல்லாதீங்க."

அந்த மாலையும் வந்தது. அன்றைய பாடம் மாதிரி எடுப்பது. கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைச் சொல்லுவது. டீச்சர் தொடங்குவதற்குள் புலவர் எழுந்துவிட்டார். தேறிய பிறகும் அவர் வகுப்பை விடவில்லை. "இதுல படிக்க என்னங்க இருக்கு? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். முன்னோர் எப்பவோ சொல்லிட்டாங்க."

"அப்போ ஒரு பஸ்ஸைப் பாத்துட்டு எல்லாப் பஸ்ஸும் லேட்டுன்னு சொல்லலாமா?" என்று நேரக்காப்பாளர் பாய்ந்தார்.

"ரத்தத்துல ஒரு சொட்டுதானே எடுக்கறோம்? அது போதுதே" என்று நாத்தனார் புலவர் பக்கம் சேர்ந்தார்.

"ரத்தம் ஓடிட்டே இருக்கு, கலந்துடுது. மூட்டையில இருக்கற விதை அப்படியா? மேல நல்லது இருக்கும், அடியில சொத்தை இருக்கும்" என்றார் விதைக்கடைப் பெண்.

ஹால் இரண்டுபட்டது. ஆளாளுக்கு எழுதுகிறார்கள், அடிக்கிறார்கள், அடுத்தவர் தோளைத் தட்டிக் காட்டுகிறார்கள். டீச்சர் கரும்பலகையில் ஒரு பெரிய பானை வரைந்து, "கிளறின பானைக்குத்தான் ஒரு சோறு பதம். கிளறாத பானையில மேல வெந்திருக்கும், அடியில தீஞ்சிருக்கும்" என்று எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆய்வும் நினைவில்லை, அதிகாரியும் நினைவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. புதிதாகச் சேர்ந்தவராக இருக்கும். "டீச்சர், ஒரு சந்தேகம்…"

"கடைசி பெஞ்ச், எழுந்து நின்னு கேளுங்கம்மா. இங்க காதுல விழல."

அந்த அம்மாள் எழுந்து நின்றார். "பானையை வேற யாரோ வச்சிருக்காங்க. கிளறினாங்களா இல்லையான்னு நமக்குத் தெரியாது. அப்போ என்ன பண்றது?"

"நல்ல கேள்வி! வேற வேற இடத்துலேர்ந்து நாலு சோறு எடுங்க. நாலும் ஒரே பதமா இருந்தா நம்பலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவர் கண்ணில், வாசற்படியில் நின்ற சின்ன முதலாளி பட்டார். முகத்தில் ஈயாடவில்லை. டீச்சருக்குப் புரிந்துவிட்டது. சாக்பீஸ் கையிலிருந்து நழுவிச் சுவரோரமாக உருண்டது. அன்றைக்கு உட்காரச் சொல்லிக் கெடுத்தார். இன்றைக்கு அதிகாரியையே எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார்.

"மேடம், மன்னிக்கணும்… எல்லாரும் எழுந்து நிக்கணும்னுதான் சொல்லி வச்சிருந்தேன்" என்று சின்ன முதலாளி குழறினார்.

"நடிக்க வந்தவங்கன்னா நின்னிருப்பாங்க சார்" என்றார் அதிகாரி. "நான் வந்து ரொம்ப நேரமாச்சு. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. நானும் ஒவ்வொரு மூலையிலேர்ந்தும் ஒருத்தர் நோட்டைப் பின்னாலேர்ந்து எட்டிப் பாத்துட்டேன். நாலும் நல்லா வெந்திருக்கு டீச்சர். உங்க படிப்பை யாரும் மூட முடியாது."

முதலில் புலவர் எழுந்தார். பிறகு நாத்தனார், நேரக்காப்பாளர், விதைக்கடைப் பெண், அப்படியே அந்தச் சரிவு முழுக்க. வாசலில் சின்ன முதலாளி கைகட்டி நின்றார். அதிகாரி உட்காராமலே நின்றுகொண்டிருந்தார். அதிகாரிக்காக எழுந்த கூட்டமில்லை அது. எல்லோரும் பார்த்தது கரும்பலகைப் பக்கம்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. பழக்க தோஷம், கை தானாக உயர்ந்தது. "உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

ஒருத்தர்கூட உட்காரவில்லை.