வருதாம், வருது

வெடித்துக் கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் நுழையும்போது சூடாக ஒரு மண்வாசனை கிளம்பும். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், காவிரி கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடையில் பிறந்த எனக்கு அந்த வாசனை வந்தால் இன்றும் ஒரு பள்ளிக்கூடப் படிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்களிடம் வந்துசேரப் பல நாளாகும் என்பதால், "தண்ணி வருதாம்" என்பதுதான் எங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கொருமுறை வரும் நல்ல சேதி.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு எனக்குப் பத்து வயது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் செல்வி மீனவர் குடும்பத்துப் பெண். அவள் அம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தி, "பாப்பா, தண்ணி வருதாம், நான் வாய்க்காலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்திக்கொண்டே முற்றத்துக்கு ஓடினேன். அப்பா சொன்ன 'வருதாம்' என்பதில் இருந்த 'ஆம்' என் வாயில் இல்லை. வாய்க்கால் என்ற சொல்லும் இல்லை, எங்கள் வீட்டில் தண்ணி என்றாலே வாய்க்கால் தண்ணிதான்.

நொடியில் ஐம்பது வாய்கள் அதையே கத்தின. எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். ஒன்றாம் வகுப்புத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறிய செல்வி நடுப்படியில் விழுந்தாள். அவளை மிதித்துக்கொண்டு ஏறினார்கள். தம்பிக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது. "என் கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்ங்க" என்று அவள் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். முதலில் கத்தியது யார் என்று தலைமையாசிரியர் வரிசையில் நிறுத்திக் கேட்டபோது, கல்லுளிமங்கியாக நின்றேன்.

இன்று திருவாரூரில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள். செல்வி இப்போது எங்கே என்று சொல்ல அங்கே ஆளில்லை. வாட்ஸ்அப்பில் வரும் மூலிகை வைத்தியத்தையும் நிலநடுக்க எச்சரிக்கையையும் பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றின் கீழும் 'யார் பார்த்தது?' என்று கேட்கவைக்கிறேன். சோதித்துப் பார்க்காத சேதியிலிருந்து 'ஆம்' என்பதை எடுக்கக் கூடாது என்பது என் வகுப்பின் சட்டம். அதை விளக்க வருடாவருடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்: "யாரோ ஒரு பொண்ணு கத்தினாளாம்."

இந்த வருடம் மூன்றாவது பெஞ்சுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "யார் பார்த்தது, டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. "கத்தினது நான்தான்" என்றேன்.