தொப்பூரில் லாரி நின்றால் வத்தல்மலையில் பேச்சு நிற்கும்

எழிலரசி வத்தல்மலைக்கு முதன்முதலில் போனது ஒரு கையெழுத்து வாங்குவதற்காகத்தான். மலைமேல் புது செல்போன் டவர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் பதினோரு புகார்கள், பதினொன்றையும் கொடுத்தவர் காளியன் என்ற ஒரே ஆள். குறை தீர்ந்துவிட்டது என்று ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் புகாரை மூடிவிடலாம் என்று சேலம் அலுவலகத்து மேலாளர் சவுரியப்பன் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பிறந்தது ஏரியூர். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கொள்ளு. பத்தாவது முடித்ததும் தருமபுரியில் பாலிடெக்னிக்கில் சேர்ந்து எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ வாங்கினாள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் தெம்பில்லை. டவர்களைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஜீப்பில் ஒரு லேப்டாப்பும் நான்கு போன்களும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் சிக்னல் அளக்க வேண்டும். நிலம் அளக்க வந்த அதிகாரி என்று நினைத்து அவளிடம் பட்டாவை நீட்டியவர்கள் உண்டு. பன்னிரண்டு வருடத்தில் மாவட்டத்தில் அவள் போய் அளக்காத சாலை இல்லை. ஆனாலும் அலுவலகக் கூட்டத்தில் பி.இ. படித்தவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "பீல்டு ஆளுங்க ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்கும்போது பாதிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள்.

காளியன் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தாளை வாங்கிப் பார்த்தார்.

"கையெழுத்து தானம்மா, போடறேன். அதுக்கு மின்னாடி நீ ஒரு போன் போட்டுக் காட்டு."

எழிலரசி சேலத்துக்குப் போட்டாள். அந்தப் பக்கம் பேசியவருக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

"நல்லாத்தான இருக்குதுங்கண்ணா?"

"இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும். நேத்து வந்திருக்கோணும் நீ. நாலு கோடும் நிக்குது. மெளகு யாவாரி பேசறது எனக்குக் கணீர்னு கேக்குது. நான் பேசறது மட்டும் அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. ஆளில்லாத வூட்டுல பேசற மாதிரி பேசிக்கினு நிக்கறேன். அவன் 'ஹலோ, ஹலோ'ன்னுட்டு வெச்சுட்டு வேற ஆளுகிட்ட வாங்கிடறான்."

"தெனமுங்களா?"

"தெனமும்னா உங்களுக்கும் தெரிஞ்சிருக்குமே. ஒரு நாளைக்கு வருது, நாலு நாளைக்கு இல்ல. நாங்க புகார் குடுத்து உங்க ஆளு மேல ஏறி வர்றதுக்குள்ள சரியாயிடுது. எங்களப் பொய்க்காரங்கன்னு எழுதிக்கினு போயிடறாங்க."

பேச்சுச் சத்தம் கேட்டு, பக்கத்துத் துணை சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் மணிமேகலையும் வந்து சேர்ந்தாள். போன மாதம் ஒரு பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் போனதைச் சொன்னாள்.

"கீழ டாக்டரம்மாவுக்குப் போட்டேங்க. 'யாரு, பேசுங்க, பேசுங்க'ன்னு அவங்க கேக்கறது எனக்கு அவ்ளோ தெளிவா கேக்குது. நான் தொண்டை கிழியக் கத்தறேன், ஒண்ணும் போய்ச் சேரல. ஜீப்புல போட்டுத் தூக்கிக்கினு போனோம். பொழச்சிக்கிட்டா. ஆனா அந்த முக்கால் மணி நேரம் இன்னும் என் கண்ணுலயே நிக்குதுங்க."

எழிலரசி அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தன்னுடைய சொந்த எண்ணைக் காளியனிடம் கொடுத்தாள். "அடுத்த தடவ ஆச்சுன்னா அந்த நிமிசமே எனக்குப் போடுங்கண்ணா. பேச்சு கேக்கலன்னாலும் பரவால்ல, மணி எனக்குத் தெரியணும்."

வெறுங்கையோடு திரும்பியதில் சவுரியப்பனுக்கு வருத்தம். ஆன்டெனாவை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, கேபிள் புதிது. "மலைக்காரங்க வெச்சிருக்கறது பழைய போனும்மா," என்றார். நர்ஸின் போன் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது என்று எழிலரசி சொன்னாள்.

எழிலரசியின் வீடு நல்லம்பள்ளியில். கணவன் முருகேஷ் கிரேன் ஓட்டுபவன். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தாலோ, பழுதாகி நின்றாலோ முதலில் கூப்பிடப்படுகிறவர்களில் அவனும் ஒருவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது எழிலரசியின் போன் அடித்தது. காளியன். எடுத்தால் கரகரவென்று உடைந்த ஓசைதான். இடையில் ஒரு "ம்மா" மட்டும் பிழைத்து வந்தது. அவள் மணியைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே முருகேஷின் போனும் அடித்தது.

"மேல் வளைவுல கன்டெய்னர் சாஞ்சிடுச்சாம். ரெண்டு பக்கமும் வண்டி நிக்குதாம்," என்று கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"ஏங்க, போன புதங்கெழமயும் நீங்க தொப்பூருக்குத்தான போனீங்க?"

"ஆமா. ஏன்?"

"அன்னிக்கும் காளியண்ணன் போட்டாருங்க."

முருகேஷ் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்றான். "வத்தல்மலை எங்க இருக்குது, தொப்பூர் எங்க இருக்குது? நடுவுல அம்மாந்தூரம் கெடக்குதே எழிலு."

"அதான் எனக்கும் புரியல. உங்க போன்ல வண்டி தூக்கன போட்டோ எல்லாம் இருக்குதில்ல? அழிச்சுடாதீங்க."

இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு விபத்தையும் அவன் படம் எடுத்து வைப்பான். ஒவ்வொரு படத்திலும் நாளும் மணியும் இருந்தன. மூன்று மாதத்தில் பத்தொன்பது விபத்துகள். வத்தல்மலை டவர் கால் மணிக்கு ஒரு தரம் தன் நிலையைப் பதிந்து வைக்கும். அந்த மூன்று மாதப் பதிவை அலுவலகத்திலிருந்து வாங்கி, படங்களின் நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பத்தொன்பதில் பதினேழு நாள் அச்சாகப் பொருந்தியது. தொப்பூரில் வண்டிகள் நின்ற நேரத்தில் மலையிலிருந்து போகும் பேச்சு சிதைந்திருந்தது; சாலை திறந்ததும் தெளிந்திருந்தது.

பொருந்தாத அந்த இரண்டுதான் அவளை உறுத்தின. முருகேஷிடம் படங்களைக் காட்டி எந்த இடம் என்று கேட்டாள். இரண்டுமே கணவாயின் அடிவாரத்தில். அடுத்த நாளே மலைக்குப் போய், காளியனைக் கூட்டிக்கொண்டு மேற்குப் பாறைமேல் ஏறினாள். வானம் தெளிந்திருந்தது. தூரத்தில் ஒரு நூல் போலச் சாலை தெரிந்தது, அதில் எறும்புகளாக லாரிகள். கணவாயின் மேல் வளைவு மட்டும் கண்ணுக்கு நேராக இருந்தது. அடிவாரம் ஒரு குன்றின் மறைவில் இருந்தது.

"அங்க இருந்து இங்க நேராத் தெரியுதுங்கண்ணா," என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷம் காளியனுக்குப் புரியவில்லை. ஆனாலும் அவரும் சிரித்தார்.

நேராகத் தெரிந்தால் என்ன கெடுதல்? எந்த டவருக்கும் தூரத்துப் போன்களின் இரைச்சல் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்கும். பதிவில் அந்த இரைச்சல் பெரிதாக ஏறியிருக்கவும் இல்லை. சிக்னல் வந்து சேர்ந்திருந்தது. அதைப் படிப்பதில்தான் டவர் தவறியிருந்தது. அன்று மாலை ஜீப்பில் இறங்கி வரும்போது எழிலரசிக்கு பைலட் ஞாபகம் வந்தது.

போன் டவருக்குப் பேச்சை மட்டும் அனுப்புவதில்லை. பேச்சின் நடுநடுவே பைலட் என்ற ஓர் அடையாளத் தொடரையும் சேர்த்து அனுப்பும். அது எப்படி இருக்க வேண்டும் என்பது டவருக்கு முன்கூட்டியே தெரியும். பாறையிலும் மரத்திலும் பட்டுத் திரிந்து வரும் பைலட்டைப் பார்த்து, வழியில் என்ன கோணல் ஏற்பட்டது என்று டவர் கண்டுகொள்ளும். அதே கோணலைப் பேச்சிலிருந்தும் நிமிர்த்திப் படிக்கும். இந்தத் தொடர்களில் முப்பது வகை உண்டு. டவரின் எண்ணை முப்பதால் வகுத்து வரும் மீதிதான் அதன் வகை. அக்கம்பக்கத்து டவர்களுக்கு ஒரே வகை வரக்கூடாது. வந்தால், அடுத்த டவரின் போன் அனுப்பும் பைலட்டைத் தன்னுடையது என்று நம்பி, டவர் பேச்சைத் தப்பாக நிமிர்த்திவிடும்.

மடியில் லேப்டாப்பைத் திறந்து எண்களைப் பார்த்தாள். வத்தல்மலை டவரில் மேற்கு பார்த்த ஆன்டெனாவுக்கு எண் 217. மீதி ஏழு. தொப்பூர் மேல் வளைவில் உள்ள டவருக்கு 367. மீதி ஏழு.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க," என்றாள். டிரைவர் பதறி நிறுத்தினார். இறங்கி நின்று இன்னொரு தடவை மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஏழும் ஏழும்தான். வண்டிகள் நின்றதும் அத்தனை டிரைவர்களும் போனை எடுக்க, அந்தப் பைலட்டெல்லாம் நேராக மலைக்கு வந்திருக்கிறது.

சேலத்தில் கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து திட்டப் பிரிவு அதிகாரி வீடியோவில் வந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இருபது கிலோமீட்டருக்கு மேல இருக்கற டவரை எங்க சாப்ட்வேர் பக்கத்து டவர்னு எடுத்துக்காது. மோதல் எதுவும் காட்டலையே," என்றார்.

"சாப்ட்வேர் தூரத்தைத்தான் பாக்குதுங்க சார். நான் பாறை மேல ஏறிப் பாத்தேன்," என்றாள் எழிலரசி. பதினேழு நாள் பதிவையும் பதினேழு படங்களையும் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டாள். அப்புறம் அந்த இரண்டையும் போட்டாள். "இது ரெண்டும் அடிவாரத்துல நடந்தது. மலையில இருந்து அது தெரியாது. அன்னிக்கு ஒரு போன் கூடக் கெடலைங்க. டவர் எண்ணை மாத்த வேண்டாம் சார். பைலட் வகையத் தள்ளி வைக்கறதுக்கு ஒரு செட்டிங் இருக்குது, இப்ப அதுல பூஜ்யம் இருக்குது. பதினொண்ணு போட்டா ஏழு பதினெட்டாயிடும். மலையில இருந்து தெரியற பதினாலு டவரையும் பாத்துட்டேன், எதுலயும் பதினெட்டு இல்ல."

யாரும் எழுந்திருக்கவில்லை. சென்னை அதிகாரி படங்களை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து காட்டச் சொன்னார். பிறகு, "போடுங்க. ஒரு மாசம் பாப்போம்," என்றார். சவுரியப்பன் மேசைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டவர் நான்கு நிமிடம் ஓய்ந்து மீண்டும் எழுந்தது. செட்டிங்கில் பதினொன்று இருந்தது. இனி தொப்பூரில் வண்டிகள் நிற்க வேண்டும். விபத்துக்காகக் காத்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலை அவன் கூப்பிட்டான்.

"அச்சு முறிஞ்சு ஒரு டிரெய்லர் குறுக்க நின்னுடுச்சு. ஆருக்கும் ஒண்ணும் ஆகல. எடுக்க ரெண்டு மணி நேரமாவது ஆவும். நீ கெளம்பு."

அவள் மலையேறிச் சேர்ந்தபோது கணவாயில் லாரிகள் மேல் வளைவு முழுக்க நின்றிருந்தன. ஒவ்வொரு டிரைவரும் முதலாளிக்கோ வீட்டுக்கோ பேசிக்கொண்டிருந்திருப்பார். சுகாதார நிலையத்து வாசலில் காளியனும் மணிமேகலையும் பத்திருபது பேரும் கூடியிருந்தார்கள். மணிமேகலை டாக்டரம்மாவுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டாக்டரம்மா, வத்தல்மலை நர்ஸுங்க. நான் பேசறது கேக்குதுங்களா?"

"கேக்குதும்மா, சொல்லு. என்ன கேஸு?"

மணிமேகலைக்குச் சொல்ல ஒரு கேஸும் இல்லை. "ஒண்ணுமில்லைங்கம்மா, கேக்குதான்னு பாத்தேன்," என்றவள் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். டாக்டரம்மா பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்க, கூடியிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பதில் சொன்னார்கள். அத்தனை குரலும் கீழே போய்ச் சேர்ந்தது.

எழிலரசி முருகேஷுக்குப் போட்டாள். அங்கே ஹாரன் சத்தத்தில் அவன்தான் கத்த வேண்டியிருந்தது. "நீ பேசறது பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குது எழிலு!" சேலத்தில் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்த சவுரியப்பன் அடுத்துக் கூப்பிட்டார். "பேச்சு கெடற கணக்கு ஒரு புள்ளி கூட ஏறலம்மா. நெடுஞ்சாலையே நிக்குது, உன் டவர் அசையவே இல்ல."

அந்தக் களேபரத்தில் காளியன் காணாமல் போயிருந்தார். தேடினால், களத்து ஓரம் நின்று மிளகு வியாபாரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எட்டு மாத ஆத்திரமும் அந்தக் குரலில் இருந்தது. வியாபாரி மெதுவாகப் பேசச் சொல்லிக் கெஞ்சினாராம்.

அந்த மாத முடிவில் திட்டப் பிரிவு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மலை டவர்களுக்கு பைலட் வகை ஒதுக்கும்போது தூரத்தை மட்டும் பார்க்காமல், மேலிருந்து எது எது கண்ணுக்குத் தெரிகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதைப் பற்றி விளக்க எழிலரசியைச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். நாற்பது இன்ஜினியர்கள் முன்னால் ஒன்றரை மணி நேரம் பேசினாள். முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்த்துப் படித்தாள். அப்புறம் பாறைமேல் ஏறிய கதைக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டாள். தருமபுரி, சேலம் மலைகளில் உள்ள டவர்களுக்கெல்லாம் அவளே பொறுப்பு என்று அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மாவட்டத்தில் டிப்ளமோ படித்த ஒருவருக்கு அந்தப் பதவி கிடைத்தது அதுதான் முதல் முறை.

ஆடி மாதத்தில் சித்தேரி மலையிலிருந்து ஒரு புகார் வந்தது: நாங்கள் பேசுவது கீழே கேட்கவில்லை. எழிலரசி பஸ்ஸில் போய் இறங்கி, ஊர்க்காரர்களோடு மேட்டில் ஏறி நாலு பக்கமும் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய டவர்களை விரல்விட்டு எண்ணி, லேப்டாப்பில் மீதிகளைச் சரிபார்த்தாள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பிறகு சேலத்துக்குப் போன் போட்டு, எந்த டவரின் பைலட் வகையை எதுவாக மாற்றியிருக்கிறாள் என்று சொன்னாள்.

"அதுக்கு அனுமதி வாங்கணும்லம்மா?" என்றார் சவுரியப்பன், பழைய பழக்கத்தில்.

"அனுமதி கேக்கலைங்க சார். மாத்திட்டேன்னு தகவல் சொல்றேன்," என்றாள் எழிலரசி.

சவுரியப்பன் சிரித்துவிட்டு எண்களைக் குறித்துக்கொண்டார்.